ஓட்டிக் காட்டிய பிறகே பணம்

துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால், வாய்த்தையலைப் பிரித்து மேலே தெரிவதை மட்டும் பார்த்துவிட்டு நம்மில் யாரும் பணம் கொடுப்பதில்லை. நடுமூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளே இருப்பதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்த பிறகே பேச்சு. விற்றவர் தராசில் நின்ற எடையை நம் தராசிலும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நமக்குப் பரம்பரையாக வந்த பழக்கம். ஆனால் கம்ப்யூட்டர், இன்டர்நெட் என்று எதையாவது வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கம் எங்கோ போய்விடுகிறது. "லிங்க் அனுப்பிட்டேன் அண்ணாச்சி, பார்த்துக்கோங்க" என்ற ஒரு சொல்லுக்கே பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

சொந்தமாக வலைப்பக்கம் வைத்திருக்கும் கடைகள் நம்மிடையே பெருகிவிட்டன. அவற்றில் பலர் இப்போது நேரடி வீடியோவும் வைக்க விரும்புகிறார்கள். மரச்செக்கு எண்ணெய் விற்பவரை எடுத்துக்கொள்வோம். கலப்படப் பயத்தில் வாழும் வாடிக்கையாளருக்கு, செக்கு ஆடுவதையும் எண்ணெய் வடிவதையும் அவர் வீட்டில் இருந்தபடியே காட்டினால் அதைவிட நல்ல விளம்பரம் வேறு இல்லை. வெளியூர் மொத்த வியாபாரிக்குக் குடோனில் அடுக்கியிருக்கும் சரக்கைக் காட்டுவதும் அப்படியே. ஆசை நியாயமானது. அதை நிறைவேற்றித் தருவதாக வருகிறவரின் வேலையைத்தான் நாம் சோதிப்பதில்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான். செக்கு இருக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சி.சி.டி.வி. கேமரா மாட்டியிருக்கும். "புதுசா எதுக்கு அண்ணாச்சி செலவு? இந்தக் கேமரா லிங்கையே உங்க பக்கத்துல போட்டுடலாம்" என்பார் வந்தவர். தம் லேப்டாப்பைத் திறந்து ஒரு முகவரியைத் தட்டுவார். படம் பளிச்சென்று ஓடும். நமக்கும் திருப்தி, பணமும் கைமாறிவிடும். இரண்டு நாள் கழித்து, "உங்க பக்கத்துல கறுப்புக் கட்டம்தான் தெரியுது" என்று வாடிக்கையாளர் போன் செய்வார். கேமராக்காரரோ, "நான் ஓட்டிக் காட்டினேனே" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஓட்டிக் காட்டியது எதில் என்பதுதான் கேள்வி.

கேமராக்கள் வெளியிடும் படம் பொதுவாக ஆர்.டி.எஸ்.பி. என்ற முறையில் வருகிறது. 1998இல் வகுக்கப்பட்ட பழைய நியதி இது. வி.எல்.சி. போன்ற வீடியோ மென்பொருள்கள் இதை நன்றாகவே ஓட்டும். குரோம், சபாரி, பயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்கள் ஓட்டாது. நேற்றும் ஓட்டவில்லை, இன்றும் ஓட்டுவதில்லை. ஆகவே வி.எல்.சி.யில் ஓடிய ஒரு லிங்க், வலைப்பக்கத்தில் ஓடும் என்பதற்கு எந்தச் சாட்சியும் ஆகாது. கேமராக் கம்பெனியின் சொந்த ஆப்பில் ஓடிக் காட்டுவதும் அதே கணக்குத்தான். நம் வாடிக்கையாளர் வி.எல்.சி.யோ அந்த ஆப்போ வைத்துக்கொண்டு எண்ணெய் வாங்க வரப்போவதில்லை. கையில் இருக்கும் போனில் நம் பக்கத்தைத் திறப்பார், அவ்வளவுதான்.

"முன்பெல்லாம் பிரவுசரிலேயே தெரிந்ததே" என்று பழைய டி.வி.ஆர். பெட்டி வைத்திருப்பவர்கள் கேட்கலாம். தெரிந்தது உண்மை. அது பிரவுசரின் சொந்தத் திறமை அல்ல. பிளக்-இன் என்ற ஒட்டுச்சாமானைப் பிரவுசரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த ஒட்டுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. குரோம் 2015 செப்டம்பரில் பழைய வகைப் பிளக்-இன்களை அடியோடு நிறுத்தியது. பிளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் முடிந்தது. மிச்சமிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் 2022 ஜூன் 15இல் மைக்ரோசாப்ட் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. எட்ஜ் பிரவுசரில் பழைய எக்ஸ்ப்ளோரர் போல நடந்துகொள்ளும் ஒரு வசதி இருக்கிறது. அதை வைத்து நம் கடைக் கம்ப்யூட்டரில் நாம் பார்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரை அப்படிச் செய்யச் சொல்ல முடியுமா? கேமராப் படத்துக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டிக் காப்பாற்றி வரும் கடைகளை நாமே பார்த்திருக்கிறோம். பாவம், அந்தப் பெட்டிக்கு வயதாகிறது.

அப்படியானால் பிரவுசரில் ஓடுவது எது? இன்று பரவலாகப் பயன்படுவது எச்.எல்.எஸ். என்ற முறை. 2009இல் ஆப்பிள் கம்பெனி கொண்டுவந்தது. நம் தொழில் பாஷையில் சொன்னால், பெரிய மூட்டையைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, எந்தப் பொட்டலத்துக்குப் பின் எது என்று ஒரு சிட்டையும் எழுதி வைப்பது போன்றது. வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி வைக்கிறார்கள். பிரவுசர் சிட்டையைப் படித்துத் துண்டுகளை வரிசையாக வாங்கி ஓட்டுகிறது. அந்தச் சிட்டைதான் எம்3யூ8 என்று முடியும் லிங்க். ஐபோனும் ஆண்ட்ராய்டு குரோமும் இதை நேரடியாகவே ஓட்டிவிடும். கம்ப்யூட்டரில் உள்ள சில பிரவுசர்களுக்கு மட்டும், பக்கத்திலேயே ஒரு சிறு நிரலைச் சேர்த்து வைக்க வேண்டும். பொட்டலம் கட்டும் நேரம் காரணமாகப் படம் சில வினாடி முதல் அரை நிமிடம் வரை தாமதித்து வரும். செக்கு ஆடுவதைக் காட்ட இது ஒரு குறையே அல்ல. ஏலத்தை நேரடியாகக் காட்டி விலை கேட்பதானால் அது ஆகாது. அதற்கு வெப்ஆர்டிசி என்ற வேறு முறை இருக்கிறது.

கேமராவின் ஆர்.டி.எஸ்.பி. தானாக எச்.எல்.எஸ். ஆகிவிடாது. நடுவில் ஒரு சர்வர் இருந்து அதை மாற்றித் தர வேண்டும். அந்த நடுக்கருவிக்கு மாத வாடகை உண்டு, அல்லது கடையில் இரவுபகலாக ஓடும் ஒரு சிறு கம்ப்யூட்டர் தேவை. "கேமரா லிங்கையே போட்டுடலாம்" என்று சொன்னவர் இந்தச் செலவைச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால், அவருக்குத் தெரியவில்லை அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டில் எது என்றாலும் நமக்கு நல்லதல்ல.

இனிச் சோதிக்கும் முறைக்கு வருவோம். இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு போனும் கொஞ்சம் பிடிவாதமும் போதும். முதலில் நம் போனில் கடை வைபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அந்த லிங்க்கைத் திறக்க வேண்டும். பாதி லிங்க்குகள் இங்கேயே விழுந்துவிடும். முகவரி 192.168 என்று தொடங்கினால் திறந்து பார்க்கவே வேண்டாம். அது கடைக்குள் மட்டும் செல்லும் முகவரி, நம் கல்லாவுக்கும் குடோனுக்கும் நடுவில் உள்ள கதவு போல. தெருவில் இருப்பவருக்கு அது தெரியாது. அடுத்து, பிரவுசரில் உள்ள இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே லாகின் செய்த நினைவை வைத்துக்கொண்டு பிரவுசர் நம்மை ஏமாற்றுவதை இது தடுக்கும். பிறகு ஒரு ஐபோன், ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு, ஒரு கம்ப்யூட்டர். கடைப் பையன்களிடம் உள்ள போன்களே இதற்குப் போதும். விலை உயர்ந்த போனில் ஓடி, குறைந்த போனில் படம் வராமல் போனால், எச்.265 என்ற புது வகைச் சுருக்கத்தில் கேமரா படத்தை அனுப்புகிறதா என்று கேளுங்கள். எல்லாக் கருவிகளிலும் அது ஓடாது. கேமரா அமைப்பில் எச்.264 என்று மாற்றிவிட்டால் பெரும்பாலும் தீரும். கொஞ்சம் அதிக டேட்டா செலவாகும், அவ்வளவே.

அன்றைக்கு ஓடியதோடு விட்டுவிடக் கூடாது. மறுநாள் காலையில் அதே லிங்க்கைத் திறந்து பார்க்க வேண்டும். சில லிங்க்குகள் சில மணி நேரத்துக்கு மட்டும் செல்லும்படி அடையாளச் சீட்டோடு வருபவை. பழைய பஸ் டிக்கெட் மாதிரி மறுநாள் செல்லாது. இன்னொன்று, கரண்டை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பார்ப்பது. நம் ஊர்களில் இதைவிட நடைமுறைக்கு ஏற்ற சோதனை கிடையாது. கரண்ட் வந்ததும் மோடம், கேமரா, நடுக்கருவி எல்லாம் தாமாக எழுந்து படத்தைத் திரும்ப ஓட்டுகின்றனவா, அல்லது ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பியைக் கூப்பிட வேண்டுமா? பல இன்டர்நெட் இணைப்புகளில் வெளிமுகவரியும் அவ்வப்போது மாறிவிடும். சில இணைப்புகளில் கடைக்கென்று தனி வெளிமுகவரியே கிடையாது. இதெல்லாம் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

தனியாக ஓடிய லிங்க், நம் பக்கத்தில் பதித்ததும் ஓடாமல் போவதும் உண்டு. இது பலரையும் குழப்புகிறது. நம் பக்கம் பூட்டு அடையாளத்தோடு எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கி, வீடியோ லிங்க் வெறும் எச்.டி.டி.பி. என்று இருந்தால், பாதுகாப்பில்லாத சரக்கு என்று பிரவுசர் அதைத் தள்ளிவிடும். வீடியோவை வைத்திருக்கும் சர்வர், "இன்ன வலைத்தளத்தில் காட்டலாம்" என்று அனுமதி தராவிட்டாலும் படம் வராது. பக்கம் திறந்ததும் சத்தத்தோடு தானாக ஓட வேண்டும் என்று கேட்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். குரோம் 2018 ஏப்ரல் முதலே பெரும்பாலும் அப்படி ஓட விடுவதில்லை. சத்தமில்லாமல் என்றால் அனுமதிக்கும். இதில் பிரவுசரின் பக்கமே நாம் நிற்கிறோம். கடைக்குள் கால் வைத்ததும் ஒலிபெருக்கி அலறினால் யாருக்குப் பிடிக்கும்?

இனிமேல் சொல்வதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். படம் ஓடாவிட்டால் போவது சில ஆயிரம் ரூபாய். தப்பான முறையில் ஓடிவிட்டால் போவது அதிகம்.

கேமராவின் ஆர்.டி.எஸ்.பி. முகவரியில் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்தே எழுதப்படுவது வழக்கம். எப்படியாவது படத்தை வரவைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் சிலர் அதை அப்படியே வலைப்பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து வலது பட்டனை அழுத்தி, மூல நிரலைக் காட்டு என்றால் யார் வேண்டுமானாலும் அதைப் படித்துவிடலாம். செக்கைக் காட்டும் கேமராவின் பாஸ்வேர்டே டி.வி.ஆர். பெட்டிக்கும் பாஸ்வேர்டாக இருந்தால், கல்லாவைப் பார்க்கும் கேமராவும், குடோன் கதவைப் பார்க்கும் கேமராவும் அதோடு போய்விடும். எந்த நேரம் கல்லாவில் ரொக்கம் அதிகம், எத்தனை மணிக்குக் கடை பூட்டுகிறோம், இரவில் யார் காவல் என்பதை நாமே ஒளிபரப்பியதாகும். கேமராவில் மைக் இருந்தால், யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று கல்லாவில் பேசுவதும் சேர்ந்து போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016இல் மிராய் என்ற தீய நிரல், உலகெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அது பெரிய மாயம் ஒன்றும் செய்யவில்லை. பெட்டியோடு வரும் வழக்கமான பெயர், பாஸ்வேர்டு 60க்கு மேல் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவிலும் அந்தச் சாவிகளைப் போட்டுப் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அந்தக் கருவிகளை ஏவி நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குப் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. நம் நாட்டிலேயே, குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் பரவி விலைக்கு விற்கப்பட்டதாக 2025 பிப்ரவரியில் போலீஸ் வழக்குப் பதிந்தது. மத்திய அரசும் விழித்துக்கொண்டது: 2024 ஏப்ரலில் வந்த அறிவிக்கையின்படி, 2025 ஏப்ரல் 9 முதல் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். புதிதாகக் கேமரா வாங்கும்போது அந்தச் சான்று உண்டா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சான்று பெற்ற கேமராவின் பாஸ்வேர்டையும் நாமே பக்கத்தில் எழுதி ஒட்டினால் அரசாங்கம் என்ன செய்ய முடியும்?

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: பாதுகாப்புக் கேமராவின் லிங்க்கை எந்தக் காரணத்துக்காகவும் கடையின் வலைப்பக்கத்தில் பதிக்க வேண்டாம். ஊருக்குக் காட்டும் கேமரா வேறு, கடையைக் காக்கும் கேமரா வேறு. செக்கைக் காட்டுவதற்குத் தனியாக ஒரு சிறு கேமராவோ பழைய போனோ வைத்து, யூடியூப் போன்ற ஒரு பொதுச் சேவை வழியாக அனுப்பி, அங்கே கிடைக்கும் பதிப்பு நிரலை நம் பக்கத்தில் வைப்பதே சிறு வணிகருக்கு ஏற்றது. பாஸ்வேர்டு வெளியே போகாது. பிரவுசருக்கு ஏற்றபடி மாற்றும் வேலையையும் அவர்களே செய்கிறார்கள். போனிலிருந்து நேரடியாக ஒளிபரப்ப யூடியூபில் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். நம் வாடிக்கையாளர்களும் உறவினர்களும் சேர்ந்தால் அது ஒரு வார வேலை.

கணக்கும் இதற்கே சாதகம். சாதாரணத் தெளிவுள்ள ஒரு வீடியோ வினாடிக்கு 2 மெகாபிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 900 எம்.பி., கடை திறந்திருக்கும் 10 மணி நேரத்துக்கு 9 ஜி.பி. நம் கடை இணைப்பிலிருந்தே நேராகக் கொடுத்தால், ஒரே சமயத்தில் 20 பேர் பார்க்க வினாடிக்கு 40 மெகாபிட் வெளியே போக வேண்டும். அந்த நேரத்தில் பில் போடும் கம்ப்யூட்டரும் யு.பி.ஐ. பெட்டியும் முனகத் தொடங்கிவிடும். பொதுச் சேவை வழியாகப் போனால் நாம் ஒரு முறை அனுப்பினால் போதும். 20 பேருக்கும் 200 பேருக்கும் பகிர்ந்து கொடுப்பது அவர்கள் பாடு.

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். வீடியோ முடிந்ததும் வேறு காட்சிகளைப் பரிந்துரைக்கும் பழக்கம் அந்தச் சேவைகளுக்கு உண்டு. நம் எண்ணெயைப் பார்க்க வந்தவருக்கு அடுத்த தெருக்காரர் எண்ணெயைக் காட்டினாலும் நாம் கேட்க முடியாது. அதனால் சிலருக்கு, நல்ல வெளிச்சத்தில் எடுத்த இரண்டு நிமிடப் பதிவுப் படத்தைத் தங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது போதும் என்று தோன்றலாம். அதுவும் சரியே. உண்மையைச் சொன்னால், செக்கு நாள் முழுக்கச் சுற்றுவது ஒரே மாதிரிதான். காளை பூட்டிய காலமாவது வேறு.

கிரிக்கெட் மாட்சின் லிங்க்கைக் கடைப் பக்கத்தில் பதித்தால் கூட்டம் வரும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உரிமை பெறாத ஒளிபரப்பு லிங்க்கைத் தொடவே கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிபரப்பாளருக்குத் தனி உரிமை கொடுத்திருக்கிறது. வழக்கு வந்தால் பக்கத்தின் சொந்தக்காரர் என்று நம் பெயர்தான் நிற்கும்.

வேலை கொடுக்கும் முன் வாங்கும் கொட்டேஷனில் பின்வரும் வாசகத்தைச் சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம் சங்கமும் இதை அச்சடித்துக் கொடுத்தால் நல்லது:

"வீடியோவானது வாடிக்கையாளரின் சாதாரணப் பிரவுசரில், தனி ஆப்போ பிளக்-இன்னோ இல்லாமல், கடைக்கு வெளியே மொபைல் டேட்டாவில், ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர் மூன்றிலும் ஓட வேண்டும். பதித்த நாளிலும் மறுநாளிலும், மின்சாரம் நின்று வந்த பிறகும் ஓடுவதைக் காட்ட வேண்டும். வலைப்பக்கத்தின் நிரலில் கேமரா அல்லது டி.வி.ஆர். பாஸ்வேர்டு எதுவும் இருக்கக் கூடாது. எல்லாப் பாஸ்வேர்டுகளும் கடை உரிமையாளரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட்டு, அவர் முன்னிலையில் மாற்றப்பட வேண்டும். மாத வாடகைகள் அனைத்தும் இதில் குறிப்பிடப்பட்டுள்ளன. குறிப்பிடாத எதற்கும் உரிமையாளர் பொறுப்பல்ல. மீதித் தொகை இவை முடிந்த பிறகே வழங்கப்படும்."